ரியோஹா திராட்சையும் எங்க ஊர் முந்திரிப் பழமும்



போன வாரம் எங்கள் விடுதியில் ஒரு பயணக் கட்டுரை கைக்குக் கை மாறியது. ஸ்பெயின் நாட்டின் ரியோஹா பகுதியையும் அங்குள்ள பேர்போன ஒயின் ஆலைகளையும் சுற்றிப் பார்த்த கதை. படித்தவன் எல்லாம் "ஆஹா, வாழ்ந்தா அப்படி வாழணும்டா" என்றான். எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல். ஏன் என்று சொல்கிறேன்.

ரியோஹாவில் ஆரோ என்று ஒரு சின்ன ஊர். ரயில் நிலையத்தைச் சுற்றியே நூறாண்டு தாண்டிய ஆலைகள் நிற்கின்றன. லோபெஸ் தே எரேதியா ஆலை 1877-ல் தொடங்கியது. பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அழித்த காலத்தில், அந்நாட்டு வியாபாரிகள் சரக்கு தேடி இங்கே வந்தார்கள். ரயில் இருந்ததால் ஊர் எழுந்தது. 1925-ல் ரியோஹா என்ற பெயருக்கே பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள். சிவப்பு ஒயினில் 'ரெசர்வா' என்று அச்சிட வேண்டுமா? 3 வருடம் காத்திரு. 'கிரான் ரெசர்வா'வா? 5 வருடம். ஊர்ப் பெயரைக் கெடுக்க ஒருத்தனையும் விடமாட்டார்கள். சுற்றுலா, புகழ் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் பங்குனி, சித்திரையில் முந்திரித் தோப்புக்குள் நடந்து பாருங்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பழம் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கும். எங்க ஆயா கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை வீசிவிடும். கொஞ்சம் மாட்டுக்குப் போகும், மீதி அங்கேயே அழுகும். கொட்டை உடைத்து உடைத்து, ஓட்டின் எண்ணெய் பட்டுக் கருத்துப்போன ஆயாவின் விரல்கள்தான் இந்தத் தொழிலில் நான் கண்ட முத்திரை.

2011 டிசம்பரில் தானே புயல் இந்தத் தோப்புகளைச் சாய்த்தது. மறுபடி நட்டு வளர்த்தோம். 2025-ல் பண்ருட்டி முந்திரிக்குப் புவிசார் குறியீடும் வந்தது. சந்தோஷம்தான். ஆனால் விலை போவது கொட்டை மட்டும். பழத்துக்கு நாதி இல்லை!

இதே பழம் கோவாவில் ஃபெனி ஆகிறது. 2009-லேயே அதற்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். இங்கே பேச்செடுத்தாலே "சாராயம் காய்ச்சப் போறியா?" என்று சிரிக்கிறார்கள். ஐயா, 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பது யார்? நம் அரசின் டாஸ்மாக் தானே! கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த சரக்கை அரசே விற்றால் அது வருமானம். விவசாயி பழத்தைப் பற்றிப் பேசினால் ஒழுக்கக்கேடா? என்ன நியாயம் இது?

உடனே என்னைக் குடிக்கு வக்காலத்து வாங்குபவன் என்று முடிவு கட்டாதீர்கள். 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதற்குப் பிறகும் ஊருக்கு ஊர் காய்ச்சச் சொல்ல நான் மடையன் இல்லை.

நான் கேட்பது வேறு. முந்திரிப் பழத்தில் வைட்டமின் சி ஆரஞ்சை மிஞ்சும். தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பு, சாற்றில் கஞ்சி ஊற்றித் தெளிய வைத்தால் அடங்கிவிடும். சாறு, ஜாம், வினிகர் என எல்லாம் செய்யலாம். விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. சிக்கல் ஒன்றுதான்: பறித்த பழம் ஒரு நாள்கூடத் தாங்காது. எனவே தோப்புக்குப் பக்கத்திலேயே, அந்த ரெண்டு மூணு மாதத்துக்காவது, கிலோவுக்கு இவ்வளவு என்று விலை சொல்லி வாங்கிப் பிழிய ஒரு கூடம் வேண்டும். இது ராக்கெட் விடுகிற வேலையா?

ரியோஹாக்காரன் தன் மண்ணில் விளைந்ததை மதித்தான், உலகம் அவன் வாசலுக்கு வந்தது. நாமோ அவன் வாசலுக்கு டிக்கெட் விலை விசாரிக்கிறோம். அடுத்த சித்திரைக்கு அந்த விடுதி நண்பர்களை எங்க தோப்புக்குத்தான் கூட்டிப் போகப் போகிறேன். மிதிபடும் பழத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும் "ஆஹா"!