இடம் மாறினால் கணக்கும் மாறும்

"நல்ல ஆட்டக்காரரை எங்கே நிறுத்தினாலும் ஆடுவார்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பேஸ்பால் திடலில் அது அவ்வளவு எளிதன்று. ஏன் என்பதற்கு அறிவியலில் விடை இருக்கிறது.

பேஸ்பாலில் தளங்களைச் சுற்றியுள்ள பகுதி உள்திடல். அதற்கு அப்பால் விரியும் புல்வெளி வெளித்திடல். இரண்டு இடங்களிலும் பந்தைப் பிடித்து எறிய வேண்டும். ஆனால், மூளை போடும் கணக்கு வேறு.

வெளித்திடலை நோக்கி உயரமாக வரும் பந்து நான்கைந்து விநாடிகள் காற்றில் இருக்கும். அது எங்கே விழும் என்பதை எப்படி அறிவது? அமெரிக்க இயற்பியலாளர் செவில் சாப்மன் 1968-இல் ஒரு விளக்கம் தந்தார். உங்கள் பார்வையில் பந்து மேலேறும் வேகம் கூடிக்கொண்டே போனால், அது உங்களைத் தாண்டிவிடும், பின்னால் ஓடுங்கள். வேகம் குறைந்துகொண்டே வந்தால், முன்னால் விழும், முன்னே ஓடுங்கள். சீராக ஏறினால், பந்து உங்கள் கைக்கே வரும்.

உள்திடலில் இதற்கெல்லாம் நேரமில்லை. இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கப்படும் பந்து ஏறத்தாழ ஒரு விநாடியில் அவரிடம் வந்துவிடும். அதை எடுத்து, அடித்தவர் ஓடிச் சேருமுன் முதல் தளத்துக்கு எறிய வேண்டும். மொத்த அவகாசம் சுமார் நான்கரை விநாடிதான்.

மூக்கி பெட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வெளித்திடலில் ஆறு முறை 'தங்கக் கையுறை' விருது வென்றவர். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் குழு 2024-இல் அவரை ஷார்ட்ஸ்டாப்பாக நிறுத்தியது. இளமையில் உள்திடலில் ஆடியவர்தான், ஆனாலும் தடுமாறினார். பெரும்பாலான தவறுகள் பிடிப்பதில் அல்ல, எறிவதில் நேர்ந்தன! வெளித்திடலில் இரண்டு எட்டு வைத்து, கையை ஓங்கி எறியலாம். ஷார்ட்ஸ்டாப்போ குனிந்த நிலையிலும் திரும்பிய நிலையிலும் எறிய வேண்டும். அவர் விடாமல் பயிற்சி செய்தார். 2025-இல் ஷார்ட்ஸ்டாப்புக்கான அதே விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றார்.

ஒரே இடத்தில் ஆடினால்தான் தேர்ச்சி வரும் என்பார்கள். தொழில்முறைக் குழுவுக்கு அது பொருந்தலாம். உங்கள் வயதில் உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எந்த இடம் பொருந்தும் என்பதை 13 வயதிலேயே முடிவு செய்வது தவறு என்பது என் கருத்து. புதிய இடத்தில் முதல் சில வாரங்கள் செய்யும் தவறுகளை வைத்துத் திறமையை எடைபோடுவதும் தவறுதான். மூளைக்கும் உடலுக்கும் புதிய கணக்கைக் கற்க நேரம் வேண்டும்.

பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறீர்களா? பயிற்றுநர் இடம் மாற்றினால், "எனக்கு இது வராது" என்று சொல்லிவிடாதீர்கள். வராதது எது என்று பாருங்கள்: பந்தின் போக்கைக் கணிப்பதா, பிடிப்பதா, எறிவதா? அதை மட்டும் தனியாகப் பயிலுங்கள்.