பூட்டைப் பார்த்துப் பேசுவோம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

சான்றிதழின் அருமையை அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எனப் பலவற்றைக் காட்டித்தான் இவ்வாயிலுக்குள் நுழைந்தோம். நம் நன்னடத்தைக்கு நாமே கையொப்பமிட்டுக் கொடுத்தால் எவரேனும் ஏற்பார்களா? கணினியில் மட்டும் அத்தகைய சான்றிதழை ஏற்கச் சொல்வது என்ன நியாயம்?

பெரிய நிறுவனங்களின் தயவின்றி, சொந்தக் கணினியிலேயே காணொளிக் கூட்டம் நடத்த ஜிட்சி மீட் என்னும் கட்டற்ற மென்பொருள் உதவுகிறது. கல்லூரிகள் இதனை நிறுவுவது பாராட்டத்தக்கது. நிறுவும்போதே அது சான்றிதழ் கேட்கும். தானே எழுதிக்கொள்ளும் சான்றிதழும் உண்டு. பிறர் சரிபார்த்துத் தரும் சான்றிதழும் உண்டு. முன்னதைத் தேர்ந்தால் உலாவி எச்சரிக்கும். "பரவாயில்லை, அதைத் தாண்டி உள்ளே வாருங்கள்" என்று கூட்டம் நடத்துவோர் சொல்வார்கள்.

இங்கேதான் ஆபத்து. தானே எழுதிய சான்றிதழிலும் பேச்சு மறையாக்கப்படும் என்பது உண்மையே. ஆயினும் மறுமுனையில் இருப்பவர் யார்? இடையில் புகுந்த ஒருவன் தன் போலிச் சான்றிதழை நீட்டினாலும் அதே போன்ற எச்சரிக்கைதான் தோன்றும். எங்களைப் போல வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் கணினிப் பழக்கத்தைக் கல்லூரியில்தான் கற்கிறோம். எச்சரிக்கையைத் தாண்டுவதை இங்கே கற்றவன், நாளை வங்கிப் பக்கத்திலும் அதையே செய்ய மாட்டானா?

பணமில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் என்னும் அமைப்பு 2015 டிசம்பர் முதல் எல்லோருக்கும் இலவசமாகச் சான்றிதழ் வழங்கி வருகிறது. வேண்டியது சொந்தமாக ஓர் இணையப் பெயர். அது தரும் குறியீட்டை நம் வழங்கியில் வைத்தால், 80-ஆம் துறை வழியாக வந்து பார்த்து, பெயர் நம் கையில் இருப்பதை உறுதி செய்துகொள்ளும். இரகசியத் திறவுகோலோ நம் கணினியை விட்டு வெளியேறுவதே இல்லை.

"அடிக்கடி புதுப்பிக்க வேண்டுமே" என்பர் சிலர். தொடக்கத்தில் இச்சான்றிதழின் ஆயுள் 90 நாட்கள். 2029-இல் எந்த நிறுவனத்தின் சான்றிதழும் 47 நாட்களுக்கு மேல் செல்லக்கூடாது என்று, சான்றளிப்போரும் உலாவி நிறுவனங்களும் கூடிய மன்றம் 2025-இல் முடிவு செய்துள்ளது. திறவுகோல் களவு போனாலும் கேடு நீளாது என்பதே இதன் பயன். ஆகவே புதுப்பித்தலை செர்ட்பாட் போன்ற நிரலிடம் ஒப்படைத்துவிட வேண்டும். நிறுவிய பின் பாதுகாப்புக் கருதி 80-ஆம் துறையை அடைத்துவிட்டால் புதுப்பித்தல் தவறும். புதுச் சான்றிதழ் வந்தும் வழங்கி அதை மீண்டும் ஏற்றிக்கொள்ளாவிட்டால் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். இவ்விரண்டையும் கவனிக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

பூட்டு, நாம் சரியான வீட்டுக்கு வந்திருப்பதை மட்டுமே சொல்லும். வீட்டுக்காரரின் குணத்தைச் சொல்லாது. பலர் கூடும் ஜிட்சி கூட்டத்தில், முனைக்கு முனை மறையாக்கத்தைத் தனியே இயக்காதவரை, பேச்சு வழங்கியில் திறக்கப்பட்டே மற்றவர்க்குச் செல்கிறது. எனவே வழங்கியின் சாவி யாரிடம் உள்ளது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சொந்த வீடு கட்டுவது பெருமையே. கதவுக்கு நல்ல பூட்டுப் போட்டு, காலந்தோறும் எண்ணெய் விடுவது அப்பெருமைக்குரிய கடமை. பேராசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து அக்கடமையை ஏற்போமாக!