வெள்ளியா, ரிங்கிட்டா? வெளிநாட்டில் அட்டையைத் தட்டும் முன்...

ஜொகூர் பாருவில் கடன்பற்று அட்டையைத் தட்டுகிறீர்கள். "வெள்ளியா, ரிங்கிட்டா?" என்று இயந்திரம் கேட்கிறது. நமக்குத் தெரிந்த நாணயம்தானே என வெள்ளியை அழுத்தினால் செலவு கூடலாம்.

ஏன் அப்படி?

அப்போது நாணய மாற்று விகிதத்தை முடிவுசெய்வது உங்கள் வங்கி அல்ல. கடைக்குக் கட்டணச் சேவை வழங்கும் நிறுவனம். அதன் லாபம் விகிதத்திலேயே ஒளிந்திருக்கும். சிங்கப்பூர் வங்கி அதற்குமேல் சுமார் 1% கட்டணம் விதிக்கலாம்.

அப்போ ரிங்கிட்டில் கட்டினால் கட்டணமே இல்லையா?

இருக்கு. பெரிய வங்கிகள் பொதுவாகச் சுமார் 3.25% எடுக்கின்றன. 1,000 வெள்ளிக்கு 32 வெள்ளி 50 காசு. கடை ரசீதில் அது தெரியாது. ஆனாலும் முதல் வழியைவிடப் பெரும்பாலும் மலிவு.

இணையத்தில் வாங்கினால்?

விலை வெள்ளியில் இருந்தாலும் விற்பனையாளர் வெளிநாட்டில் இருந்தால் அந்த 1% வரலாம்.

என்ன செய்யலாம்?

அந்தந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். அடிக்கடி எல்லை தாண்டுவோர் பல நாணய அட்டைகளின் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.