கொல்லைப்புறத்து வான்காவலர்

இரவு வானில் தோன்றும் ஒளிகளுள் மின்னாது நின்றெரியும் சிலவற்றைப் பண்டையோர் வேறு பிரித்துக் கண்டனர். அவற்றைக் கோள்கள் என்றனர். வெறுங்கண்ணுக்கு அவை ஒளிப்புள்ளிகளே. தொலைநோக்கி தோன்றிய பின்னரே அப்புள்ளிகள் உலகங்களாக விரிந்தன. இன்று தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, வியாழனின் முகிற்பட்டைகளையும் சனியின் வளையங்களையும் படம் எடுப்போர் பல நாடுகளிலும் உள்ளனர். அவர்கள் ஊதியம் பெறும் வானநூலார் அல்லர். பகலெல்லாம் தத்தம் தொழிலைச் செய்து, இரவில் வானை நோக்கும் ஆர்வலர்.

இவர்தம் முயற்சியை வீண்வேலை என்பாரும் உளர். வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் 1979-லேயே வியாழனின் அருகே சென்று படம் எடுத்தன. ஹப்பிள் விண்தொலைநோக்கி 1990-இல் காற்று மண்டலத்திற்கு அப்பால் ஏவப்பட்டது. அவை தந்த படங்களுக்கு முன் கொல்லைப்புறத்துப் படம் எம்மாத்திரம் என்பது அவர்தம் வினா. படத்தின் அழகை மட்டும் கருதினால் அவ்வினா பொருத்தமே. படத்தின் பயனைக் கருதினாலோ விடை வேறாகும்.

கோளைப் படம் எடுத்தல் எளிய செயலன்று. வியாழன் மிகப் பெரிதாகத் தோன்றும் காலத்திலும் அதன் விட்டம் முழுமதியின் விட்டத்தில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கே. அதன் ஒளி நிலவுலகைச் சூழ்ந்த காற்றுக் கடலைக் கடந்து வருகிறது. வெப்பமும் தட்பமும் கலந்து அலையும் அக்காற்று, ஓடும் நீரின் அடியிற் கிடக்கும் கூழாங்கல் நெளிந்து தோன்றுவது போலக் கோளின் உருவத்தை நெளியச் செய்கிறது. ஆயினும் அந்நெளிவுக்கிடையே கண்ணிமைக்கும் நேரம் காற்று அடங்குவதுண்டு. அப்பொழுது உருவம் தெளிவாகத் தோன்றி மறையும். அத்தெளிவைப் பிடிப்பதே இக்கலையின் உயிர்நிலை.

அதற்காக ஆர்வலர் தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் பல்லாயிரம் படங்களை இடையறாது எடுக்கின்றனர். கணினி அவற்றை ஆராய்ந்து, கலங்கியவற்றைத் தள்ளி, தெளிந்தவற்றைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. களத்தில் நெல்லைத் தூற்றிப் பதரை நீக்குவதை ஒத்தது இச்செயல். தனிப்படம் ஒன்றில் புள்ளியும் பொறியுமாய் மறைந்து கிடக்கும் நுண்குறி, பல படங்கள் ஒன்றுகூடும்போது துலங்குகிறது. சிறு துளி பெருவெள்ளம் அன்றோ? வியாழன் பத்து மணிக்கும் குறைந்த நேரத்தில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடும். ஆதலின் நெடுநேரம் எடுத்த படங்களை அவ்வாறே அடுக்கினால் அதன் முகக்குறிகள் இழுபட்டு மங்கிவிடும். இப்பணிக்குப் பொறுமையும் வேண்டும், விரைவும் வேண்டும்.

இத்துணை உழைப்பால் விளையும் பயன் யாது? பெரிய வானாய்வு நிலையங்களின் நேரம் பலருக்கும் பங்கிடப்படுவது. ஒரே கோளை இரவுதோறும் நோக்க அவற்றிற்கு ஓய்வில்லை. 2016-இல் வியாழனை அடைந்த ஜூனோ விண்கலமும் தொடக்கத்தில் 53 நாளுக்கு ஒருமுறையே அக்கோளை நெருங்கிச் சென்றது. கோள்களோ எவருக்கும் காத்திராமல் மாறிக்கொண்டே இருக்கின்றன. அம்மாற்றத்தை இரவு தவறாமல் நோக்கியிருக்கும் காவற்கண்கள் ஆர்வலரிடமே உள்ளன.

வியாழனில் இருந்த மூன்று வெண்புயல்கள் 1998 முதல் 2000 வரையிலான காலத்தில் ஒன்றுகூடி ஒரே புயலாயின. அப்புயல் சில ஆண்டுகள் வெண்மையாகவே விளங்கியது. 2006 பிப்ரவரி 24 அன்று, பிலிப்பைன்ஸ் நாட்டுச் செபு நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கோ என்னும் ஆர்வலர், தாம் எடுத்த படத்தில் அது செந்நிறம் பெற்றிருக்கக் கண்டார். செய்தி பரவியது. அவ்வாண்டு ஏப்ரலில் ஹப்பிளும் அப்புயலை நோக்கித் திரும்பியது.

அதனினும் வியப்புடையது 2009 ஜூலை 19-இல் நிகழ்ந்தது. ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகருக்கு அருகிலுள்ள மரம்பேட்மன் என்னும் சிற்றூரில், கணினித் தொழில் புரிந்த அந்தோணி வெஸ்லி 14.5 அங்குல ஆடி பொருத்திய தொலைநோக்கியால் வியாழனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். காற்று கலங்கியிருந்தது. வேலையை முடித்துவிடலாமா என்று எண்ணியவர், சிறிது ஓய்வு கொண்டு மீண்டும் வந்தார். தென்முனையை அடுத்து ஒரு கரும்புள்ளி காணப்பட்டது. வியாழனின் துணைக்கோள் ஒன்றின் நிழலோ என ஐயுற்றார். நிழலாயின் விரைந்து நகர வேண்டும். அதுவோ அருகிலிருந்த வெண்புயலோடு ஒரே கதியில் சென்றது. இரண்டு இரவுக்கு முன் தாம் எடுத்த படங்களை எடுத்து நோக்கினார். அவற்றில் அப்புள்ளி இல்லை. ஏதோ ஒரு பொருள் வியாழனில் மோதியதால் உண்டான வடு அது என்று தெளிந்து, வானநூலாருக்குச் செய்தி விடுத்தார். ஹவாய்த் தீவின் மௌனா கியா மலையிலுள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அதனை உறுதி செய்தது. ஜூலை 23-இல் ஹப்பிளும் அவ்வடுவைப் படம் எடுத்தது.

இங்கு மாணவர் ஆழ்ந்து எண்ணத்தக்கது ஒன்றுண்டு. வெஸ்லிக்குத் துணை நின்றது அன்றைய படம் மட்டும் அன்று. இரண்டு இரவுக்கு முந்தைய படமுமாம். எடுத்த அன்று அதில் புதுமை ஒன்றும் தோன்றியிராது. ஆயினும் அது நாள் குறிக்கப்பெற்ற உண்மையான படமாக இருந்தமையால், உற்ற வேளையில் சான்றாக எழுந்து நின்றது. புதுமை இல்லாத நாளிலும் கடமை தவறாது பதிந்து வைத்தவனுக்கே புதுமை தன்னைக் காட்டுகிறது.

மறு ஆண்டு, 2010 ஜூன் 3-இல், வியாழனில் இரண்டு நொடியளவே தோன்றிய ஓர் ஒளிப்பொறியை வெஸ்லி பதிவு செய்து அறிவித்தார். அதே வேளையில் வியாழனைப் பதிவு செய்துகொண்டிருந்த கோ தம் பதிவை ஆராய்ந்தார். அதிலும் அவ்வொளி இருந்தது. ஒருவர் மட்டும் கண்டிருப்பின் கருவியின் பிழை எனத் தள்ளியிருக்கலாம். வேறுவேறு நாட்டில் இருந்த இருவர் கண்டமையால் அது மறுக்கவொண்ணா உண்மையாயிற்று. பத்து மீட்டர் அளவினதாகிய ஒரு பொருள் விழுந்து எரிந்ததென்று பின்னர்க் கணித்தனர்.

இப்பணிக்குப் பகையாவது வானத்து முகில் அன்று, உள்ளத்து ஆசையே. கணினியால் படத்தைக் கூர்மைப்படுத்தலாம், நிறத்தை மிகுவிக்கலாம். அளவறிந்து செய்யின் உள்ளது துலங்கும். அளவு கடப்பின் இல்லாதது தோன்றும். செவ்வாயின் ஒளிமிக்க விளிம்பை ஒட்டி இல்லாத ஒரு கருங்கோடு இவ்வாறே எழுவதுண்டு. அதைக் கண்டு பாராட்டுவோர் பலராகலாம். ஆனால் புகழுக்காகக் கூட்டிய ஒரு கோடு, உண்மையான பல கோடுகளையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும். பொய்ச்சான்று கூறியவனின் மெய்ச்சொல்லை அவையத்தார் ஏற்பரோ? மங்கலாயினும் மெய்யான படம் நூலுக்கு உதவும். அழகியதாயினும் பொய்யான படம் சுவருக்கே உதவும்.

பெரிய தொலைநோக்கி எல்லார்க்கும் வாய்ப்பதன்று. சிறு தொலைநோக்கியும் வியாழனின் நான்கு பெருந்துணைக்கோள்களைக் காட்டும். அவை இடமாறி நிற்றலை இரவுதோறும் நோக்கி, நாளும் நேரமும் இடமும் குறித்து, கண்டதைக் கண்டவாறே பதிந்து வைக்கும் மாணவன், வெஸ்லியும் கோவும் நின்ற வரிசையிலேயே நிற்கின்றான். கருவியின் பெருமை விலையால் அமைவது. காண்பவனின் பெருமையோ வாய்மையால் அமைவது.