கட்டினால் போதுமா?

சேலம் பழைய பேருந்து நிலையம் இடிக்கப்பட்டு, சீர்மிகு நகரத் திட்டத்தில் ஈரடுக்குப் பேருந்து நிலையமாக 2023 ஜூனில் திறக்கப்பட்டது. 2024 அக்டோபரில் நாமக்கல்லுக்கும் புதிய பேருந்து நிலையம் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு கேள்வி. பத்து ஆண்டுகள் கழித்துச் சுவருக்குள் குழாய் கசிந்தால், எங்கே உடைக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

நம் ஊர்க் கட்டடங்களின் கதை நாம் அறியாததா? ஒப்பந்தக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். பொறியாளர் மாறுதலாகிப் போவார். வரைபடம் அலமாரியில் கரையானுக்கு இரையாகும். பிறகு வருபவர் குத்துமதிப்பாகச் சுவரைத் துளைப்பார்!

இதற்கு மாற்று வந்து பல காலமாகிறது. கட்டடத்தின் தூண், குழாய், மின்கம்பி, மோட்டார் அனைத்தையும் கணினியில் முப்பரிமாண மாதிரியாகப் பதிந்து வைப்பதுதான் அது. 'பிம்' என்பார்கள். எந்த மோட்டார் எப்போது பொருத்தப்பட்டது, எப்போது பழுது பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மின்சாரமும் தண்ணீரும் எங்கே வீணாகின்றன என்பதையும் மீட்டர் கணக்கோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். கோடையில் தண்ணீருக்கு அலையும் நமக்கு இது சின்ன விஷயமா?

பிரிட்டனில் மத்திய அரசின் கட்டுமானப் பணிகளுக்கு 2016 முதல் இது கட்டாயம். நம் நாட்டில் நாக்பூர் மெட்ரோ இம்முறையில்தான் கட்டப்பட்டது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

'இதெல்லாம் வீண் செலவு' என்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். 2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். அதன் பிறகே மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்ய ஓடினார்கள். கணினி மாதிரி சுவரைத் தாங்கிப் பிடிக்காது, உண்மைதான். ஆனால் எந்தக் கட்டடத்துக்கு என்ன வயது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்ற கணக்கு கையில் இருந்தால், பிள்ளைகள் சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லையே!

மாதிரியைச் செய்துவிட்டுத் தூங்கினாலும் பயனில்லை. ஒரு குழாயை மாற்றினால் அன்றே பதிய வேண்டும். அதற்கென்று பயிற்சி பெற்ற ஊழியர் வேண்டும். இல்லையேல் அதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

எனவே ஆட்சியாளர்களைக் கேளுங்கள்: புதிய அரசுக் கட்டடம் ஒவ்வொன்றுக்கும், சாவியோடு கணினி மாதிரியையும் ஒப்படைத்தால்தான் இறுதித் தொகை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்!

ஊருக்கு உபதேசம் செய்யும் நாம் நம் வீட்டையும் பார்க்க வேண்டாமா? முத்தவல்லி மாறினால் நம் மதரஸாவின், திருமண மண்டபத்தின் வரைபடமும் காணாமல் போகிறது. கணினி மாதிரிக்கு வசதி இல்லையா? பூச்சு பூசும் முன் குழாயையும் கம்பியையும் செல்போனில் படமெடுத்து, தேதியிட்டு, ஜமாஅத் அலுவலகத்தில் பாதுகாத்து வையுங்கள். செலவு ஒன்றுமில்லை. மனம்தான் வேண்டும். சிந்திப்போமா?