வீட்டுக்குத் தரை போடுமுன்...



சென்ற இதழில் கூரை ஒழுக்கைப் பற்றிப் பேசினோம். இம்மாதம் காலுக்குக் கீழே பார்ப்போம்.

லயத்து வீட்டில் இருக்கும்வரை தரை நம் கவலையல்ல. சிமெண்டு பெயர்ந்தால் கிராணியாரிடம் சொல்வோம். ஆள் வந்தால் சரி. வராவிட்டால் ஒரு பாயைப் போட்டு மூடிவிடுவோம். வேலை ஓய்வு பெற்று, டவுனுக்குப் பக்கத்தில் சொந்த வீட்டுக்குப் போகும்போதுதான் தரை ஒரு பெரிய விஷயமாகிறது. கையில் சேமநிதிப் பணம் இருக்கும். கடையில் கண்ணாடி போல் மின்னும் டைல் இருக்கும். பிள்ளைகள், “அம்மா, இதுதான் அழகு” என்பார்கள். பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

சற்றுப் பொறுங்கள். தரையைப் பார்க்கிறவர்கள் விருந்தாளிகள். அதில் நாள் முழுதும் நடக்கிறவர் நீங்கள். ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அதன்பின் எழுந்து நடக்காமலே போன முதியவர்களை நாம் பார்க்காமலில்லை. மாமியாரோ தாயாரோ வீட்டில் இருந்தால், மின்னும் டைலைச் சமையற்கட்டுக்கு வாங்கவே வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பளபளப்பு வேண்டுமானால் சாமி மேடையின் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நம் சமையற்கட்டு வேறு மாதிரி. வெள்ளிக்கிழமை என்றால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம். தேங்காய் துருவுவோம், மீன் ஆய்வோம். தீபாவளிக்கு முறுக்குச் சுடும்போது எண்ணெய் தெறிக்கும். புளித்தண்ணீர் சிந்தும். போதாததற்கு, செம்பனைக் காட்டிலிருந்து வருகிறவரின் பூட்சில் செம்மண் ஒட்டியிருக்கும். இத்தனையும் தாங்குவதற்குச் சொரசொரப்பான மேற்பரப்புள்ள தரை டைல்தான் நல்லது. பெட்டியில் வழுக்காத் தன்மைக்கு ஆர் 9 முதல் ஆர் 13 வரை எண் போட்டிருப்பார்கள். எண் கூடக் கூட வழுக்கல் குறையும். சமையற்கட்டுக்கு ஆர் 10க்குக் குறையக் கூடாது. நிறையத் தண்ணீர் புழங்கும் பின்கட்டுக்கு ஆர் 11 பாருங்கள். எண் இல்லையென்றால் கடையிலேயே ஒரு டைலைக் கீழே வைத்து, தண்ணீர் தெளித்து, வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. டைலைக் குப்புறத் திருப்பி முதுகில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் அது பெரும்பாலும் சுவர் டைல், தரைக்குத் தாங்காது. பார்சலின் டைலில் தண்ணீர் அப்படியே முத்தாக நிற்கும். அது தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்குகூட நீர் குடிக்காது. விலை சற்றுக் கூடும், ஆனால் எளிதில் உடையாது. ஒன்று கவனம்: சாதாரண டைலை ஊறவைத்து சிமெண்டில் பதிப்பார்கள். பார்சலின் நீர் குடிக்காததால் வெறும் சிமெண்டுச் சாந்தில் சரியாகப் பிடிக்காது. அதற்கென்று உள்ள பசைச் சாந்து வேண்டும். குத்தகைக்காரர் “எல்லாம் ஒன்றுதான்” என்றால் நம்பாதீர்கள்.

முன்கூடத்துக்கு இவ்வளவு கடுமை வேண்டியதில்லை. சிமெண்டுத் தரை நன்றாக இருந்தால், ‘திக்கார் கெத்தா’ விரிப்பே சில ஆண்டுகளுக்குப் போதும். ஆனால் முதலில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளைத் தரையில் போட்டு, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் அடியில் நீர் பூத்திருந்தால், மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. அந்த வீட்டில் விரிப்புப் போட்டால் அடியில் பூஞ்சணம் பிடித்து நாறும். மரத்தூளை அழுத்திச் செய்த லாமினேட் பலகை இன்னும் மோசம், ஊறி உப்பிக்கொள்ளும். வீட்டில் வெள்ளம் ஏறுகிற கம்பத்துக்காரர்களும் அந்தப் பலகையை மறந்துவிடுவது நலம்.

பளிங்கு, பளிங்குத் துகள் கலந்த டெராசோ இரண்டும் அழகுதான். எலுமிச்சையும் புளியும் பட்டால் மெருகு அரித்துத் தழும்பு விழும். ரசம் வைக்கிற வீட்டுக்கு அது தோதுப்படுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது கணக்கு. கூடம் 12 அடிக்கு 10 அடி என்றால் 120 சதுர அடி. வெட்டுக்கும் உடைசலுக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 132. இரண்டடி டைல் எனப்படும் 60 சென்டிமீட்டர் டைல், பெட்டிக்கு நான்கு வந்தால், ஒரு பெட்டி ஏறக்குறைய 15 1/2 சதுர அடி. ஆக 9 பெட்டி. எல்லாப் பெட்டியிலும் ஒரே நிற எண் இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். எண் மாறினால் நிறமும் மாறும். சந்தனம், சாம்பல் போன்ற புள்ளி போட்ட நிறங்கள் செம்மண்ணை மறைக்கும். வெள்ளை வாங்கினால் துடைப்பமும் கையுமாகவே இருக்க வேண்டியதுதான்.

2024 மே மாதம் முதல் சேமநிதியில் 55 வயதுக்குள் எப்போதும் எடுக்கக்கூடிய ஒரு கணக்கு இருப்பதால், “அதிலிருந்து எடுத்து வீடு முழுவதும் போட்டுவிடலாமே” என்று பிள்ளைகள் கேட்பார்கள். சமையற்கட்டையும் குளியலறையையும் முதலில் முடியுங்கள். அறைகளில் சிமெண்டுத் தரை இருந்தால் யாருக்கும் குறைவில்லை.

வேலை முடிந்ததும் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். சமையற்கட்டில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். பத்தடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சரிவு இருந்தால் தண்ணீர் தானாகக் கால்வாய்க்கு ஓடும். மூலையில் தேங்கினால் திருத்தச் சொல்லுங்கள். பிறகு ஒரு காசால் ஒவ்வொரு டைலையும் தட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று பொள்ளலாக ஒலித்தால் அடியில் சாந்து நிரம்பவில்லை. அதன்மேல் இடிகல்லை வைத்தால் அன்றே விரிசல் விடும். நன்றாகப் பதிந்த தரையிலும் உரலுக்கு அடியில் மடித்த சாக்கு ஒன்று இருக்கட்டும்.

கக்கூசுக்கு வாங்கும் ஆசிட்டைத் தரையில் ஊற்றாதீர்கள். டைல்களின் இடைச் சாந்தை அது தின்றுவிடும். சவர்க்காரத் தண்ணீரும் தேங்காய் நார்த் துடைப்பமும் போதும்.

மிச்சப்பட்ட டைல்களைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்துவிடாமல் கட்டிலுக்கடியில் வையுங்கள். கடையின் பெயரையும் நிற எண்ணையும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் எழுதி வையுங்கள்.