ஐ3 பெரிதா? ஐ7 பெரிதா?
கம்ப்யூட்டர் வாங்கப் போகும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது

ராசிபுரத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்.

மகனுக்கு என்ஜினீயரிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அப்பாவும் மகனும் கம்ப்யூட்டர் வாங்கச் சேலத்துக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

கடையில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் "ஐ3" என்று எழுதி இருக்கிறது. மற்றொன்றில் "ஐ7" என்று இருக்கிறது. ஐ7 விலை குறைவு!

"ஏனுங்க, ஏழுதானுங்களே பெரிசு?" என்று அப்பா கேட்கிறார்.

"ஏழுதானுங்க பெரிசு. பையன் படிப்புக்குன்னு சொன்னதால இந்த விலைக்குத் தர்றேனுங்க" என்கிறார் கடைக்காரர்.

அப்பா பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். 2011-ம் வருஷத்துச் சரக்கு வீட்டுக்கு வந்து சேருகிறது!

எந்த வருஷத்து மாடல்?

நாமக்கல்லில் லாரி வாங்குகிறவர்கள் இப்படி ஏமாற மாட்டார்கள். "எத்தனை சக்கரம்?" என்று கேட்பதற்கு முன்பே, "எந்த வருஷத்து மாடல்?" என்று கேட்பார்கள்.

கம்ப்யூட்டருக்கு என்ஜின் போன்றது பிராசசர். அதற்கும் மாடல் உண்டு. ஐ3, ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணில் அது இருக்கிறது.

ஐ7-2600 என்றால் 2-ம் தலைமுறை. இன்டெல் கம்பெனி அதை 2011 ஜனவரியில் வெளியிட்டது. ஐ3-12100 என்றால் 12-ம் தலைமுறை. இது 2022 ஜனவரியில் வந்தது. இதுபோன்ற மேஜைக் கம்ப்யூட்டர் பிராசசர்களில் நான்கு இலக்கம் இருந்தால் முதல் இலக்கத்தையும், ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு இலக்கங்களையும் பார்த்தால் போதும்.

இரண்டிலும் "கோர்" எனப்படும் வேலைப் பகுதிகள் நான்குதான். பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடங்களில் ஒரு தறிக்காரர் இரண்டு தறியைப் பார்ப்பது போல, ஒவ்வொரு கோரும் இரண்டு வேலையைப் பார்க்கும். அதனால் வேலை இரட்டிப்பாகிவிடாது. ஓரளவு கூடும்.

வேகம்? பழைய ஐ7-ன் துடிப்பு வினாடிக்கு 340 கோடி முதல் 380 கோடி வரை. புதிய ஐ3-ன் துடிப்பு 330 கோடி முதல் 430 கோடி வரை. கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

ஆனால் ஒரு துடிப்பில் புதியது செய்யும் வேலை மிக அதிகம். நாடா அதே எண்ணிக்கையில்தான் ஓடுகிறது. நெய்து விழும் துணியின் அகலம் கூடிவிட்டது. ஆகவே "சின்ன" ஐ3, "பெரிய" ஐ7-ஐத் தோற்கடித்துவிடுகிறது.

மின்சாரத்திலும் இதே கதைதான். பழைய ஐ7-க்குக் கம்பெனி குறித்த அளவு 95 வாட். புதிய ஐ3-க்கு 60 வாட். முழு மூச்சில் ஓடும்போது 89 வாட் வரை போகும். கரண்ட் போனால் யு.பி.எஸ். இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

பழைய சரக்கு ஏன் மலிவு?

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தவணை கொடுத்தது.

அடுத்தது விண்டோஸ் 11. இன்டெல் பிராசசர்களில் ஏறக்குறைய 8-ம் தலைமுறை முதல்தான் அதை முறைப்படி ஏற்றலாம். பெரிய ஆபீசுகள் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துவிடுகின்றன. கழித்தது எங்கே போகும்? புதிய பெட்டி, புதிய போர்டு, பளபளக்கும் விளக்கு எல்லாம் மாட்டிக்கொண்டு மீண்டும் கடைக்கு வருகிறது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றிக் கொடுப்பவர்களும் உண்டு.

சங்ககிரி லாரி ஆபீசில் ஈ-வே பில் போடுகிறவருக்கும், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக் கணக்கு எழுதுகிறவருக்கும் இது சாதாரண விஷயம் அல்ல. பாங்குப் பணமும் ஜி.எஸ்.டி. கணக்கும் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன.

பழையது எதற்கும் உதவாது என்று சொல்வதும் நியாயம் ஆகாது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றி, கடிதம் அடிக்கவும் குழந்தைகள் பழகவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய பொருள் என்று சொல்லி, அந்த விலைக்கே விற்க வேண்டும்.

ஐ3 எதில் தோற்கும்?

ஐ3-12100-க்கும் குறைகள் உண்டு.

பாடம், டைப், டேலி கணக்கு, வீடியோ வகுப்பு, புரோகிராம் எழுதிப் பழகுவது, ஆட்டோகேடில் சாதாரண வரைபடம் ஆகியவற்றுக்கு அது தாராளம். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் ஸ்டூடியோக்காரருக்குப் போதாது. நான்கு கோர்கள் மூச்சு வாங்கும். பெரிய எந்திரங்களின் முப்பரிமாண வரைபடத்துக்கும் அப்படியே. அதில் உள்ள படக்காட்டும் பகுதி சண்டை விளையாட்டுகளுக்குப் பலவீனமானது. பையன் எதற்காக ஐ7 கேட்கிறான் என்பது பல வீடுகளில் இங்கேதான் தெரியவரும்!

விளையாட்டும் வேண்டும் என்றால், ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் 5-5600ஜி பார்க்கலாம். அதில் 6 கோர்கள். படக்காட்டும் பகுதியும் பலமானது.

இன்னொரு குறை. இதே போர்டில் பிற்பாடு ஐ5 மாட்டலாம். ஆனால் 14-ம் தலைமுறையோடு அந்தப் பாதை முடிந்துவிடுகிறது. 2024-ல் இன்டெல் பொருத்தும் இடத்தையே மாற்றிவிட்டது. (கடையில் ஐ3-13100, ஐ3-14100 என்று காட்டினால் திகைக்க வேண்டாம். உள்ளே அதே நான்கு கோர்கள்தான். துடிப்பு சற்று அதிகம்.)

வெயிலும் பஞ்சும்

சேலத்துச் சித்திரை வெயில் ஊரறிந்தது. பிராசசர் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தறிக்கூடத்துப் பஞ்சும், லாரி பாடி கட்டும் பட்டறையின் மரத்தூளும் விசிறியை அடைத்துவிட்டால் எந்தத் தலைமுறையும் நொண்டும். மாதம் ஒரு முறை தூசி ஊதுவது நல்லது.

மெமரியில்தான் வெட்டு!

2025 கடைசியில் மெமரி விலை ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் கட்டப்படும் பெரிய கூடங்கள் மெமரியை வாரிக்கொண்டு போகின்றன. மைக்ரான் கம்பெனி, சில்லறை வாடிக்கையாளருக்கான "குருசியல்" வியாபாரத்தையே விட்டுவிடப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

விலை ஏறும்போது கடைக்காரர் எங்கே கை வைப்பார்? ஐ3 என்ற ஒட்டுச் சீட்டு அப்படியே இருக்கும். 8 ஜி.பி. மெமரி 4 ஜி.பி. ஆகிவிடும்! இந்தப் பிராசசரின் படக்காட்டும் பகுதியும் அதே மெமரியில்தான் பங்கு கேட்கிறது. 4 ஜி.பி.யில் ஐ3-ன் பலம் எல்லாம் வீண். 8 ஜி.பி. ஒரே துண்டாக வாங்கி, மற்ற இடத்தைக் காலியாக விட்டால், விலை இறங்கும்போது இன்னொன்று சேர்க்கலாம்.

"எப்" என்று ஓர் எழுத்து

ஐ3-12100 என்று ஒன்று உண்டு. ஐ3-12100எப் என்றும் ஒன்று உண்டு. இது விலை கொஞ்சம் குறைவு. வேகம் அதேதான். ஆனால் இதில் படக்காட்டும் பகுதி கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றும், விளக்கு எரியும். திரையில் ஒன்றும் தெரியாது.

ஆகவே பில்லில் "ஐ3 கம்ப்யூட்டர் ஒன்று" என்று எழுதினால் போதாது. பிராசசரின் முழு எண், கடைசி எழுத்து, மெமரி எத்தனை ஜி.பி., எத்தனை வருஷ வாரண்டி ஆகிய நான்கையும் எழுதி வாங்கிய பிறகு ராசிபுரம் பஸ் ஏறலாம்.